கொடுக்க மட்டும் தெரிந்த சபைகளுக்கு

கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத் தமிழ்ச் சபைகளின் போதகர்கள், மூப்பர்கள், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரம்.

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் சபைகளின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரே அச்சில் வார்த்த அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் அன்பளிப்பு வழங்கும் விழா. பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உணவுப் பொட்டலம். சிறப்பு வருகை டத்தோ பட்டம் பெற்ற இன்னார். கீழே வங்கிக் கணக்கு எண். அரிசி, சமையல் எண்ணெய், மைலோ, சார்டின், பிஸ்கட் என்று பட்டியல்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. இவ்வாண்டு அறிவிப்பும் வந்துவிட்டது. அதைக் குறித்துத்தான் எழுதுகிறேன்.

நான் யார் என்பதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கு வாசிக்க எளிதாக இருக்கும். அந்தப் பொட்டலத்தை வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. மாதம் 124 ரிங்கிட் வாடகையில் பி.பி.ஆர். எனப்படும் அரசு மலிவு வாடகை அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறேன். என் அப்பா தோட்டத்தில் உபதேசியாராக இருந்தவர். வெளிக்காட்டு வேலை முடிந்து வந்து, மாலையில் மண்ணெண்ணெய் விளக்கடியில் வேதம் சொல்லிக்கொடுத்தவர். அவர் எனக்கு விட்டுச்சென்றது ஒரு பெட்டிப் புத்தகமும் எதையும் இரண்டு முறை வாசிக்கும் பழக்கமும்தான். ஆகவே, ‘இந்த அம்மாவுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

கொடுப்பதைக் குறைகூற நான் வரவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கும் இந்நாளிலும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்துக் கிலோ அரிசி வந்து இறங்குவது எத்தகைய நிம்மதி என்பதை உங்களைவிட நான் நன்றாக அறிவேன். என் வருத்தம் வேறு. உங்களுக்குக் கொடுக்கத் தெரிந்த அளவுக்கு வாங்கத் தெரியவில்லை. எங்கள் வாசலில் நின்று பொட்டலத்தை நீட்டுகிறீர்கள். எங்களிடமிருந்து எதையும் பெற்றுக்கொள்ள உங்கள் கை நீள்வதில்லை. ஊழியம் என்பது எப்போதும் மேலிருந்து கீழே இறங்கி வருவதாகவே இருந்தால், அதைச் செய்கிறவர் எவ்வளவு பணிவாகக் குனிந்தாலும் மேலே இருப்பவர் மேலேயேதான் இருக்கிறார்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். இளமையில் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்; தோட்டம் விற்கப்பட்டபோது நகரத்துக்கு வந்தவர். இன்று புத்ராஜெயா நிற்கும் இடம் பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா வட்டாரத்தின் பெரும்பகுதி சீஃபீல்ட் தோட்டம். அப்படிக் கைமாறிய இடங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேர். மின்தூக்கி பழுதான நாளில் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு சபையின் குழு படியேறி வந்தது. மூச்சு வாங்க வந்தார்கள். அந்த உழைப்பை நான் மறுக்கவில்லை. பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே வந்து உட்காருங்கள், தேநீர் கலக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இருக்கட்டும் பாட்டி, இன்னும் மூன்று மாடி பாக்கி இருக்கிறது” என்றார். பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், போய்விட்டார்கள்.

கதவைச் சாத்தும்போது பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: “நம் வீட்டுத் தண்ணீர் அவர்களுக்கு இறங்காதோ?”

நேரமில்லாமல்தான் மறுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பாட்டிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் தமிழர்களாகிய நம்மிடையே ஒரு வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்பது வெறும் தண்ணீரை வேண்டாம் என்பதாக என்றைக்காவது இருந்திருக்கிறதா? நம் சபைகளின் கதையிலேயே அந்தத் தழும்பு இருக்கிறது. சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டு வெளியேறினார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே இரு சாதியாருக்கும் நடுவே சுவர் நின்றது. 1910இல்தான் அதை இடித்தார்கள். கப்பலேறி மலாயா வந்தவர்கள் மூட்டையோடு இவற்றையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். இங்கே அதன்மேல் இன்னொரு அடுக்கு ஏறியது. ஆங்கிலேயர் காலத்தில் ரயில்வே ஊழியருக்காகக் கட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் நூறு வீட்டுக் குடியிருப்பில் இருந்தவர்களும் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்களும் ஒரே ஞானப்பாட்டைப் பாடினாலும், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்று யாரும் யாரையும் வாய்விட்டு விலக்குவதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

சமாரியா நாட்டுக் கிணற்றடியில் ஆண்டவர் முதலில் பேசியது என்ன? ‘தாகத்துக்குத் தா’ என்று கேட்டார். ஜீவத்தண்ணீரைப் பற்றிய பேச்செல்லாம் பிறகுதான். கேட்டது யாரிடம்? யூதர்கள் கொள்வினை வைத்துக்கொள்ளாத ஒரு பெண்ணிடம். அவளே திகைத்துப்போய்க் கேள்வி கேட்கிறாள். கொடுக்க வந்தவர், கேட்கிறவராக வந்து உட்கார்ந்தார்.

பெரிய வியாழனன்று கால் கழுவும் ஆராதனை நடத்துகிறீர்கள். யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கிறீர்கள். (வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்த கால்களைத்தான் அன்றைக்குக் கழுவுகிறோம் என்பது ஊரறிந்த இரகசியம், அதைப் பெரிதுபடுத்தவில்லை.) ஆனால் 12ஆம் அதிகாரத்தை அதனோடு சேர்த்து வாசிக்க நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. சீஷர்களின் கால்களை இயேசு கழுவியதற்குச் சில நாள் முன்புதான், பெத்தானியாவில் மரியாள் அவருடைய பாதங்களில் நளதத் தைலம் பூசித் தன் கூந்தலால் துடைத்தாள். அவர் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை. ‘எனக்கு எதற்கம்மா இதெல்லாம்’ என்று பணிவு காட்டவில்லை. ஒரு பெண் தன்னால் இயன்றதைத் தனக்குச் செய்ய அனுமதித்து, அவளைக் குறைசொன்னவன் வாயையும் அடைத்தார். தன் கால்களை இன்னொருவர் கையில் ஒப்புக்கொடுத்து அமர்ந்திருந்தவர்தான் பிறகு எழுந்து இடுப்பில் துணியைக் கட்டினார்.

அங்கே குறைசொன்னவன் யார் என்பதையும் பாருங்கள். அந்தத் தைலத்தை முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்றான். ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். கணக்கு சரியாகத்தான் போட்டான். தரும காரியத்தின் கணக்கை அவ்வளவு துல்லியமாகப் போட்டவன், எதிரே நடந்த அன்பைப் பார்க்கத் தவறிவிட்டான். எத்தனை குடும்பங்கள், எத்தனை பொட்டலங்கள், எத்தனை ரிங்கிட் என்று மேடையில் அறிவிக்கும்போதும், ஆளுயர மாதிரிக் காசோலையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு படமெடுக்கும்போதும் எனக்கு யூதாஸின் அந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. கடுமையாக இருக்கிறதா? இருக்கட்டும்.

பேதுருவோ வேறு வகை. நீர் என் கால்களைக் கழுவவே கூடாது என்றார். கேட்பதற்கு எவ்வளவு தாழ்மையான பேச்சு! ஆண்டவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை’ என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிறர் செய்வதை ஏற்க மறுப்பதும் ஒரு வகை மேட்டிமைதான். பணிவின் உடையை உடுத்திக்கொண்டிருப்பதால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

புடு அந்தோணியார் கோவிலுக்குப் போகும் என் பக்கத்து வீட்டுக்காரர், மறைந்த போப் பிரான்சிஸ் பற்றி அடிக்கடிப் பேசுவார். 2013இல் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே ரோமில் உள்ள சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் இருவர் பெண்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தப் படம் உலகமெங்கும் போனது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 2025ஆம் ஆண்டுப் பெரிய வியாழன். நோயில் தளர்ந்து, பிறர் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் ரோமின் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். கால் கழுவ உடம்பில் தெம்பில்லை. இவ்வாண்டு என்னால் அதைச் செய்ய முடியவில்லை என்று கைதிகளிடமே சொன்னார். நான்காம் நாள் இறந்தார். எதையும் கொடுக்க முடியாத நிலையிலும் அவர்கள் முன்னே போய் உட்கார அவர் கூச்சப்படவில்லை. நம் மூப்பர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்?

இந்த இடத்தில் உங்களுக்காகவும் நான் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் மட்டுமா குறை இருக்கிறது? பங்சாரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பெரிய வீடுகளில், பிள்ளைகள் மெல்பர்னிலும் பெர்த்திலும் இருக்க, மாலை நேரத்தில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் சபையாரை நான் அறிவேன். சபையின் மூத்த உறுப்பினர் ஒருவரின் மனைவி நோயுற்றிருந்தபோது எங்கள் மாடியிலிருந்து சிலர் போய்ப் பார்த்து வரலாம் என்று கேட்டோம். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பதில் வந்தது. எங்கள் மாடியில் முடக்குவாதத்தில் விழுந்த தந்தையைப் பல ஆண்டுகளாகப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளும் மகள் இருக்கிறாள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும் உடம்பு துடைத்துவிடுவதும் எப்படி என்பதை அவள் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாள். இரவுக்காவல் முடிந்து காலையில் வரும் தம்பி இருக்கிறான். உங்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அழைத்துவர அவனால் முடியும். பாட்டிக்கு எழுத்து தெரியாது. தோட்டத்துச் சங்கீதங்கள் முழுவதும் மனப்பாடம். அவர் உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து பாடினால் உங்கள் வீட்டுக்கு என்ன குறைந்துவிடும்?

பவுல் ரோமாபுரியாருக்கு எழுதும்போது, உங்களைப் பலப்படுத்த வருகிறேன் என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே, உங்கள் விசுவாசத்தினால் நானும் ஆறுதலடைய வருகிறேன் என்று சேர்த்துக்கொள்கிறார். தான் மட்டும் கொடுக்கிறவன் என்ற பேச்சை அப்போஸ்தலனாலேயே ஒரு வரிக்குமேல் நீட்ட முடியவில்லை.

இனி நிர்வாகக் காரியத்துக்கு வருகிறேன். எருசலேம் சபையிலும் உணவு வழங்குவதில்தான் சண்டை வந்தது. கிரேக்க மொழி பேசியவர்கள், தங்கள் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? ‘கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள்’ என்று சொல்லவில்லை. விசாரணைக் குழு அமைத்து அறிக்கை கேட்கவுமில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா யூதனாகப் பிறந்தவன்கூட அல்லன். அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவன். முறையிட்ட சாராரின் கையிலேயே பந்தியின் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். தங்கள் விதவைகளுக்கும் இனி இவர்கள்தான் பரிமாறப்போகிறார்கள் என்று தெரிந்தும் எபிரெயர்கள் அதற்கு இசைந்தார்கள். மனத்தாழ்மை பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இந்த ஏழு பெயரை வைத்து ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை.

உங்கள் நிர்வாகக் குழுவில் பி.பி.ஆர். அடுக்குமாடியிலிருந்து எத்தனை பேர்? தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்காரும் தம்பிமாரில் யாரையாவது ஒரு நாள் ஜெபம் ஏறெடுக்கச் சொல்லியிருக்கிறீர்களா? ஆங்கிலம் தெரியாது, கூட்டத்தில் பேசத் தெரியாது என்பீர்கள். யாருக்கு எது தேவை என்பது அவர்களுக்குத் தெரியும். என் மாடியில் நீரிழிவு உள்ளவர்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் சீனியும் மைலோவும் வருகின்றன. பிள்ளைகளே இல்லாத வீட்டுக்குப் பள்ளிக்கூடப் பை வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

முன்வரிசைப் பிரச்சினையை நீட்டி எழுத விருப்பமில்லை. சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று முன்னால் உட்கார்ந்திருந்த முதியவர்களை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். பிறகு மாலை, பொன்னாடை, வரவேற்புரை. ‘நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்’ என்ற யாக்கோபின் வசனத்தை அன்று பலிபீடத்துக்கு முன்னாலேயே நடித்துக்காட்டினார்கள். டத்தோக்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் சிலர் பொன்னாடை வேண்டாம் என்று கூச்சத்தோடு தடுப்பதையும் பார்த்திருக்கிறேன், நாம்தான் விடுவதில்லை.

கோபம் எங்கே வருகிறது என்றால், தாழ்மை என்ற உபதேசம் யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பார்க்கும்போது. வாலிபன் ஒருவன் கணக்கு கேட்டால், தம்பி, தாழ்மை வேண்டும். அடுப்படியில் பெரிய சட்டி கழுவும் பெண்கள், எங்களுக்கும் ஆராதனை முடியும்வரை உள்ளே உட்கார வேண்டும் என்று சொன்னால், அம்மா, மார்த்தாளைப்போல முறுமுறுக்கக் கூடாது. (மார்த்தாளை முறுமுறுக்க வைத்துவிட்டு அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள்.) பவுல் தாழ்மையைப் பற்றி மிக உயர்வாக எழுதியது பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில். அந்த நிருபத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். பரிசுத்தவான்களோடு கண்காணிகளையும் உதவிக்காரரையும் சேர்த்து வாழ்த்துகிறார். சபைகளுக்கு அவர் எழுதிய வேறு எந்த நிருபத்தின் வாழ்த்திலும் அப்படிப் பொறுப்பாளர்களைத் தனித்துக் குறிப்பிடவில்லை. ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையாக எண்ணுங்கள் என்ற அந்தக் கட்டளை நிர்வாகக் குழுவின் முகவரிக்கே வந்த கடிதத்தில் இருக்கிறது.

போதகர்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் துணைவியார் எல்லார் வீட்டு மரணத்துக்கும் போகிறார், எல்லார் வீட்டுக் கண்ணீரையும் கேட்கிறார். அவருடைய கண்ணீரை யார் கேட்கிறார்கள்? போதகர் வீட்டுக்குக் குறையே இருக்கக் கூடாது என்று சபை எதிர்பார்க்கிறது. நீங்களும் அப்படியே காட்டிக்கொள்கிறீர்கள். ஒரு மாதம் பிள்ளையின் கட்டணத்துக்குக் கையில் பணமில்லை என்று நீங்கள் பிரசங்க பீடத்தில் சொல்ல வேண்டாம். எங்கள் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சொல்லுங்கள். எங்களுக்கு அது புதிய செய்தி அன்று. அதை வைத்துக்கொண்டு எப்படி நாள் ஓட்டுவது என்பதில் எங்களுக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

நான் கேட்பவை பெரியவை அல்ல. இந்த டிசம்பரில் விழா மேடையும் மாதிரிக் காசோலையும் வேண்டாம். ஒரே சனிக்கிழமையில் எல்லா மாடியையும் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்; நான்கு வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு வீட்டில் அரைமணி நேரம் உட்காருங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். அந்த வீட்டார் உங்களுக்காக ஜெபிக்கட்டும். உங்கள் தலையில் அவர்கள் கை வைக்கட்டும். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். அன்பின் விருந்து முடிந்ததும் சட்டி கழுவும் முறைப்பட்டியலில் நிர்வாகக் குழுவின் ஆண்கள் பெயரையும் எழுதுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் போகும் என்பதை நானே சொல்லித் தருகிறேன்.

யாருக்கு என்ன கொடுப்பது என்ற பட்டியலை எங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டாம். அரிசி எனக்குத் தேவைதான். அதே பெயரைப் பகிர்ந்தளிக்கும் குழுவிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எந்த நாளும் எனக்கு ஓய்வுதான்; அதற்கு முன்பு என்றால் சனிக்கிழமை பிற்பகல் வசதி.

மற்றவை நேரில்.

இப்படிக்கு,
உங்கள் சபையாரில் ஒருத்தி,
கோலாலம்பூர்